கைல் ஃபீல்டில் முதல் சனிக்கிழமை: டெக்சஸ் ஏ அண்ட் எம் வரும் புது மாணவர்களுக்கு

ஆகஸ்ட் மாதம் இரண்டு பெட்டியோடு, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்கு வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ரைஸ் குக்கர் என்றே ஓடிவிடும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கடைக்குப் போகலாம் என்று கிளம்பினால், வழக்கமாக வரும் பேருந்து வேறு வழியில் போகும். சாலையெல்லாம் மரூன் நிறச் சட்டை. வாகன நிறுத்தங்களில் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஊரில் இருப்பவர்களே சுமார் 1,20,000 பேர்தான். அன்று பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அது நடக்கும் கைல் ஃபீல்ட் அரங்கின் கொள்ளளவோ 1,02,733. அன்றைக்கு ஊர் ஊராக இருக்காது.

‘நமக்கு கிரிக்கெட் தெரியும், இது எதற்கு’ என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டு, இரண்டு ஆண்டில் எம்.எஸ். முடித்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டம் புரியவில்லை என்று தயங்க வேண்டாம். மைதானத்தில் நடப்பது பாதி என்றால், படிக்கட்டில் நிற்கும் மாணவர்கள் செய்வது மறு பாதி. அந்த மறு பாதியைக் கற்றுக்கொள்ள ஒரு வெள்ளிக்கிழமை இரவு போதும்.

முதலில் ஒரு பழைய கதை

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அரங்கில் எதுவும் விளங்காது.

1922ஆம் ஆண்டு ஜனவரி 2, டாலஸ் நகரம். ஏ அண்ட் எம் அணிக்கு எதிரே சென்டர் கல்லூரி. சென்டர் அப்போது சாதாரண அணி இல்லை. முந்தைய அக்டோபரில்தான் ஹார்வர்டையே சாய்த்திருந்தது. ஆட்டம் முரட்டுத்தனமாகப் போக, ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேறினார்கள். பயிற்சியாளர் டானா பைபிளுக்கு மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற பயம். ஈ. கிங் கில் என்ற மாணவர் கூடைப்பந்துக்காகக் கால்பந்து அணியிலிருந்து விலகியிருந்தார். அன்று மேலே பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, எந்த வீரர் யார் என்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கீழே கூப்பிட்டார்கள். படிக்கட்டுகளுக்கு அடியில், காயம்பட்ட ஒருவரின் சீருடையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து ஓரக்கோட்டில் நின்றார் கில். ஆட்டம் முடியும்வரை அவரை இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏ அண்ட் எம் 22–14 என்று வென்றது.

ஒரு பந்தைக்கூடத் தொடாத அந்த மனிதருக்குத்தான் அரங்குக்கு வெளியே சிலை இருக்கிறது. களத்தில் 11 பேர், கூப்பிட்டால் இறங்கத் தயாராக நின்றவர் பன்னிரண்டாவது ஆள். அந்தப் பட்டம் அப்படியே மாணவர் கூட்டம் முழுவதுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் மாணவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். ‘ட்வெல்த் மேன்’ என்ற பெயரை 1990இல் வணிகச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டது பல்கலைக்கழகம். அதைப் பயன்படுத்திய சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் மேல் 2006இல் வழக்கே போட்டது. 1983இல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர், உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களை மட்டும் திரட்டித் தொடக்க உதைக்கு ஓர் அணியே அமைத்தார். 12ஆம் எண் சட்டை இன்றும் அப்படிப்பட்ட ஒருவருக்கே போகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1876இல் வேளாண்மையும் இயந்திரவியலும் கற்பிக்கத் தொடங்கிய இந்தக் கல்லூரியில் ராணுவப் பயிற்சி 1965 வரை கட்டாயம். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1963இல்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு. இரண்டாம் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்கள் 20,000 பேருக்கு மேல். இங்குள்ள சடங்குகளில் வரிசை, சமிக்ஞை, சீனியர்–ஜூனியர் மரியாதை எல்லாம் ஏன் இவ்வளவு தூக்கலாக இருக்கின்றன என்றால், பெரும்பாலானவை படைக் குடியிருப்பில் பிறந்தவை. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து ‘மதம் மாதிரி இருக்கிறதே’ என்று கிண்டல் செய்வது வழக்கம். கிண்டலில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

டிக்கெட் எடுப்பது

மாணவர்களுக்கு ‘ஸ்போர்ட்ஸ் பாஸ்’ என்று ஒன்று உண்டு. பருவத் தொடக்கத்துக்கு முன்பே சில நூறு டாலர் கட்டி வாங்க வேண்டும். பாஸ் கையில் இருந்தால் மட்டும் இருக்கை கிடைத்துவிடாது. ஆட்டம் இருக்கும் வாரத்தில் ‘டிக்கெட் புல்’ நடக்கும்: திங்கட்கிழமை நான்காம் ஆண்டு மாணவர்களும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களும், செவ்வாய் மூன்றாம் ஆண்டு, புதன் இரண்டாம் ஆண்டு, வியாழன் முதலாண்டு.

இதில் நமக்கு நல்ல காலம். வந்து மூன்று வாரம்கூட ஆகாத எம்.எஸ். மாணவருக்கு முதல் நாளே முறை வந்துவிடுகிறது. பெரிய ஆட்டம் என்றால் இளநிலை மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே, சில சமயம் அதற்கும் முன்பே, அரங்கு வாசலில் கூடாரமடித்துக் கிடப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. செப்டம்பரில் பெயர் தெரியாத சிறிய கல்லூரி ஒன்றை எதிர்த்து ஒரு ஆட்டம் கட்டாயம் இருக்கும். கூட்டம் குறைவு, வெற்றியும் ஏறக்குறைய உறுதி. முதல் ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுங்கள். மேல் அடுக்கில் இடம் கிடைத்தாலும் குறையில்லை, ஆட்டம் புரியாதவருக்கு மேலிருந்து பார்ப்பதே தெளிவு. நண்பர்கள் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால், அதாவது சேர்ந்து நிற்க வேண்டுமென்றால், குழுவாக ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். விலையும் நடைமுறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விளையாட்டுத் துறையின் அறிவிப்பை ஜூலையிலேயே பார்த்து வையுங்கள்.

இருக்கை கிழக்குப் பக்கத்தில் இருக்கும், அது மாணவர் பக்கம். மேற்குப் பக்கம் பெரும்பாலும் பணம் கட்டி வாங்கிய பழைய மாணவர்களுடையது. அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். இங்கே முடியாது.

நாலு சொல்

எதிரே வருபவர் ‘ஹவ்டி’ என்பார். நீங்களும் ‘ஹவ்டி’ என்று சொல்லிவிட்டு நடக்கலாம். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி. கட்டைவிரலை உயர்த்தி ‘கிகெம்’ என்பார்கள். 1930இல் டி.சி.யு. என்ற டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணியோடு மோதுவதற்கு முன் நடந்த கூட்டத்தில் பிங்கி டவுன்ஸ் என்பவர் தொடங்கி வைத்தது. எதிரணியின் சின்னம் தவளை மாதிரிப் பெயருள்ள ஒரு பல்லி, தவளையைக் குத்திப் பிடிக்கும் ஈட்டியின் பெயர் ‘கிக்’. இன்றைக்குப் பேராசிரியரின் மின்னஞ்சல்கூட ‘நன்றி, கிகெம்’ என்றுதான் முடியும்.

‘வூப்’ என்று கத்துவது மட்டும் மரபுப்படி மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் உரிமை. முதலாண்டுப் பையன் கத்தினால் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். இங்கே படித்து முடித்தவரைப் ‘ஃபார்மர் ஸ்டூடண்ட்’ என்பார்கள், ‘எக்ஸ்’ என்று சொன்னால் பிடிக்காது. மரபுகளைக் கண்டுகொள்ளாதவருக்கு ‘டூ பர்சென்டர்’ என்று பெயர். பட்டம் கிடைத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், முதுகலை மாணவர்களில் பலரையும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வெள்ளி நள்ளிரவு: இதைத் தவறவிடாதீர்கள்

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் ஆட்டத்தை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன். உள்ளூரில் ஆட்டம் நடப்பதற்கு முந்தின இரவு 12 மணிக்கு, அதே அரங்கில், ‘மிட்நைட் யெல் பிராக்டிஸ்’. கட்டணம் கிடையாது, டிக்கெட் கிடையாது. 1930களின் தொடக்கத்திலிருந்து நடந்து வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், மறுநாள் எப்படிக் கத்துவது என்று ஒத்திகை பார்க்க பல்லாயிரம் பேர் நடுராத்திரியில் கூடியிருப்பார்கள்.

மற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் இருப்பது போல ஆடிப் பாடும் சியர்லீடர்கள் இங்கே கிடையாது. ‘யெல் லீடர்’ ஐந்து பேர்: மூன்று பேர் நான்காம் ஆண்டு, இரண்டு பேர் மூன்றாம் ஆண்டு. மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தல் பிரச்சாரம் வசந்த காலத்தில் வளாகத்தையே அடைத்துக்கொள்ளும். இவர்கள் மைதானத்திலிருந்து கையால் ஒரு சைகை காட்டுவார்கள். முன்வரிசைக்காரர் அதே சைகையைக் காட்டித் தன் பின்னால் இருப்பவருக்குக் கடத்துவார். அப்படியே மேலே கடைசி வரிசை வரை போகும். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததும் ஒரே குரலில் கத்தல். கட்டைவிரல் தூக்கினால் ‘கிகெம்’. இரண்டு முஷ்டியையும் ஒன்றையொன்று சுற்றவிட்டால் ‘ஃபார்மர்ஸ் ஃபைட்’. இந்த இரண்டும் தெரிந்தால் முதல் நாளைச் சமாளிக்கலாம். மற்றவற்றுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்யுங்கள், எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

கத்துவதற்கென்று ஒரு நிலை உண்டு. இடுப்பை வளைத்துக் குனிந்து, முழங்காலுக்கு மேலே இரண்டு கையையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து குரலெடுக்க வேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் குனிவதை முதன்முறை பார்க்கும்போது சிரிப்பு வரும். அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதும்போது சிரிப்பு நின்றுவிடும்.

நடுவே யெல் லீடர்கள் கதை சொல்வார்கள். எதிரணி ஊர்க்காரனை முட்டாளாக்கும் நீட்டி முழக்கிய நகைச்சுவை. உள்ளூர் ஆங்கிலமும் பகடியும் பழகாத காதுக்குப் பாதி புரியாது, புரிந்தவற்றிலும் பாதி சுமார்தான். கடைசியில் அரங்கின் விளக்கு அணையும். ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். தனியாக வந்தவர்கள் லைட்டரைக் கொளுத்திக் காட்டுவது பழைய வழக்கம், இருட்டில் தனியாள் இன்னொரு தனியாளைக் கண்டுபிடிக்க. இப்போது கைப்பேசி வெளிச்சம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முடிய அரை மணி, முக்கால் மணி ஆகும். திரும்பும்போது நார்த்கேட் பகுதியில் கூட்டம் நெரியும். வழக்கமான பேருந்து அந்த நேரத்துக்கு இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள். கார் வைத்திருக்கும் சீனியர் ஒருவரை முன்பே பேசி வையுங்கள்.

ஆட்டம், அவசரச் சுருக்கம்

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நான்கு முயற்சி. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அதற்குமேல் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 1. தாண்ட முடியாது என்று தெரிந்தால் தூரத்திலிருந்தே உதைத்து 3 எடுக்கலாம். 15 நிமிடக் கால்பாகம் நான்கு, ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மொத்தம் மூன்றரை மணி நேரம். தொலைக்காட்சி விளம்பரத்துக்காகவும் ஆட்டம் நிற்கும். 

இதற்குமேல் விதி தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எதிரணி கையில் பந்து இருக்கும்போது சத்தம், நம் அணி கையில் இருக்கும்போது அமைதி. நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் குறி சொல்வது காதில் விழ வேண்டும். கிரிக்கெட் பழக்கத்தில் நம் அணி முன்னேறும்போது ஆர்வத்தில் கத்தினால் பக்கத்து வரிசையே ‘உஷ்’ என்னும்.

சனிக்கிழமை

ஆட்டம் காலை 11 மணிக்கா, பிற்பகல் 2.30க்கா, மாலை 6.30க்கா என்பதைத் தொலைக்காட்சி நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பல ஆட்டங்களுக்குச் சில நாள் முன்புதான் தெரியும். 11 மணி ஆட்டத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். செப்டம்பர் டெக்சஸ் வெயில் சித்திரை மாதத்து வேலூருக்குக் குறைந்ததில்லை, அதில் மூன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். தொப்பி, வெயில் களிம்பு, பழகிய காலணி. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே விலை அதிகம், சைவ உணவுக்காரர்களுக்குச் சோளப்பொரி, நாச்சோஸ், பிரெட்செல் என்று சுருங்கிவிடும். மயங்கி விழுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. கால் தள்ளாடினால் கௌரவம் பார்க்காமல் நிழலான உள்நடைக்கு இறங்கிவிடுங்கள். நிற்பதுதான் மரபு, விழுவது இல்லை.

சட்டை மரூன் நிறம். இல்லாவிட்டால் வெள்ளை. எரிந்த ஆரஞ்சு நிறத்தில் எதுவும் வேண்டாம், அது ஆஸ்டின்காரர்களின், அதாவது எதிரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நிறம். காவிக்குப் பக்கத்து நிறத்தில் குர்தா வைத்திருப்பவர்கள் அதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். தோள்பை, மடிக்கணினிப் பை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை, 12 அங்குலம் நீளம், 6 அகலம், 12 உயரத்துக்குள். அல்லது ஒரு கேலன் ஜிப் உறை. உள்ளங்கையளவு சின்னப் பர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆய்வகத்திலிருந்து நேரே வருகிறவர்கள் பையை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: உங்கள் மாணவர் வாகன அனுமதி செல்லும் இடங்களில் சில, ஆட்ட நாளில் காலி செய்யப்பட வேண்டியவை. முந்தின இரவு ஆய்வகத்தில் தங்கி காலையில் வந்து பார்த்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மின்னஞ்சல் வரும், படியுங்கள்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பாவது வளாகத்துக்கு வந்துவிட்டால் கேடட்டுகளின், அதாவது ராணுவப் பயிற்சி பெறும் மாணவர்களின் அணிவகுப்பைப் பார்க்கலாம். முழங்கால் வரை பழுப்பு நிறத் தோல் பூட்ஸ் போட்டிருப்பவர்கள் நான்காம் ஆண்டு. அந்த அணிவகுப்பில் ஒரு கோலி நாயும் வரும். பெயர் ரெவெலி. முதல் ரெவெலி 1931இல் கேடட்டுகளின் காரில் அடிபட்ட தெருநாய். அறைக்குத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். இப்போதைய பத்தாவது ரெவெலிக்கு ஐந்து வைரச் சின்னம், கேடட் படையிலேயே மிக உயர்ந்த பதவி. படை வீரர்கள் அதை ‘மிஸ் ரெவ், மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்ளும் மாணவரோடு அது வகுப்புக்கும் போகும். வகுப்பில் குரைத்தால் பாடம் போரடிக்கிறது என்று பொருள், வகுப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பது மரபு. இறந்த ரெவெலிகளை அரங்கின் வடக்கு வாசலுக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். அரங்கு விரிவாக்கத்தால் ஸ்கோர் பலகை மறைந்துபோக, சமாதிகளுக்கு எதிரே தனியாக ஒரு சிறிய ஸ்கோர் பலகை வைத்துக் கொடுத்தார்கள். நேரமிருந்தால் அதைப் போய்ப் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பெரிதாக யோசிக்க வேண்டாம். சைகை வந்தால் பின்னால் கடத்துங்கள், குனிந்து கத்துங்கள். நம் அணி புள்ளி எடுத்தால் பீரங்கி வெடிக்கும். 1974இல் காட்டில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பழைய பீரங்கி வண்டி அது. முதல் தடவை எல்லோரும் திடுக்கிடுவார்கள். அதே சமயம் ஜோடிகள் முத்தமிடும் மரபும் இங்கே திரும்ப வரும். சேர்ந்து வந்த தோழர், தோழியர் கையைத் தட்டிக்கொண்டால் போதும், யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிரணியைப் பார்த்து ஊளையிடுவது மட்டும் கூடாது. நடுவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அதற்கென்றே தனி யெல் இருக்கிறது.

‘வார் ஹிம்’ பாட்டு வரும்போது தயாராக இருங்கள். முதல் உலகப் போர் முடிந்த சமயம் ரைன் நதிக்கரையில் காவல் நின்ற பிங்கி வில்சன் என்ற மாணவர் 1918இல் எழுதியது. பாட்டின் முடிவில் எல்லோரும் பக்கத்தில் நிற்பவர் தோளில் கைபோட்டு, காலைப் பின்னிக்கொண்டு, வலமும் இடமுமாக ஆடுவார்கள். ஒரு வரிசை வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசை இடப்பக்கம். மேல் அடுக்கே ஆடுவது உண்மையாகவே தெரியும். அவர்கள் கைபோடக் காத்திருக்க வேண்டாம், நீங்களும் போடுங்கள்.

இடைவேளையில் கழிப்பறைக்கும் குளிர்பானத்துக்கும் ஓடாதீர்கள். கேடட்டுகளின் இசைக்குழு அப்போதுதான் வரும். சுமார் 400 பேர், ராணுவ நடை, ஒருவருக்கொருவர் குறுக்கே புகுந்து வெளியேறும் கோலங்கள். மற்ற ஊர்களில் இடைவேளையில் காலியாகும் இருக்கைகள் இங்கே அப்படியே நிறைந்திருக்கும். எனக்குக் கேட்டால், தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் ஈடு கட்டுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். வென்றால் முதலாண்டு கேடட்டுகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிப்போய் ‘ஃபிஷ் பாண்ட்’ என்ற நீரூற்றுத் தொட்டியில் போடுவார்கள். தோற்றால் மாணவர்கள் அரங்கிலேயே நின்று, அடுத்த ஆட்டத்துக்காக ஒரு சின்ன யெல் பிராக்டிஸ் நடத்துவார்கள். தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. ‘நேரம் போதவில்லை’ என்பார்கள். 2018 நவம்பரில் எல்.எஸ்.யு. என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டம் ஏழு கூடுதல் நேரம் ஓடி 74–72 என்று முடிந்தது. அன்றைக்கு நேரம் போதுமானதாக இருந்தது.

எங்கே அமைதியாக இருக்க வேண்டும்

கூச்சலைவிட இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள்.

மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர் என்ற எம்.எஸ்.சி. கட்டடம் போரில் இறந்த மாணவர்களின் நினைவிடம். உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சுற்றியுள்ள புல்தரையும் நினைவிடத்தில் சேர்ந்தது, குறுக்கே நடக்கக் கூடாது. யாரோ ஒருவர் மென்மையாகச் சொல்வார், அல்லது மொத்தமாகச் சத்தம் போடுவார்கள்.

மாணவர் யாராவது முந்தைய மாதம் இறந்திருந்தால், மாதத்தின் முதல் செவ்வாய் இரவு ‘சில்வர் டாப்ஸ்’ நடக்கும். முதுகலை மாணவர் இறந்தாலும் நடக்கும். ஊரிலிருந்து வந்த ஒருவருக்காகவும் நடந்ததுண்டு. விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அகாடமிக் பிளாசாவில் கூடுபவர்கள் பேச மாட்டார்கள், படமெடுக்க மாட்டார்கள். மூன்று முறை துப்பாக்கி முழங்கும். பிறகு வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று திசை நோக்கி ஊதுகொம்பு. கிழக்கே ஊதுவதில்லை, போனவருக்கு இனி விடியல் இல்லை என்பதால். அறிவிப்பு அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு ஒருமுறையாவது போய் நில்லுங்கள்.

ஏப்ரல் 21 ‘மஸ்டர்’. அந்த ஆண்டு மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். உறவினரோ நண்பரோ ‘ஹியர்’ என்று பதில் கொடுத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். 1942இல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில், ஜப்பானியக் குண்டுமழைக்கு நடுவே ஜெனரல் ஜார்ஜ் மூரின் கீழிருந்த பழைய மாணவர்கள் இதை நடத்தினார்கள் என்ற செய்திதான் இதை நாடறியச் செய்தது. இப்போது உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கிறது.

நெருப்பு பற்றிக் கேட்கும்போதும் நிதானம் வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன் மரக்கட்டைகளை அடுக்கடுக்காகக் கட்டிப் பிரம்மாண்டமான சொக்கப்பனை கொளுத்துவது இங்கே 90 ஆண்டு வழக்கமாக இருந்தது. கட்டுவதும் மாணவர்களே. 1999 நவம்பர் 18 அதிகாலை 2.42 மணிக்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். நினைவிடத்தில் 12 வாயில்கள். ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர்த் திசையைப் பார்த்து நிற்கிறது. வளாகத்தில் மீண்டும் கொளுத்தலாமா என்ற பேச்சு 2024இல் எழுந்து, வேண்டாமென்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. சரியான முடிவு என்பது என் எண்ணம். வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் தாங்களாக ஒன்றை இன்றும் நடத்துகிறார்கள். இதைப் பற்றி உள்ளூர் நண்பரிடம் கேட்பதானால் நகைச்சுவையாகத் தொடங்காதீர்கள்.

ஆஸ்டின்காரர்கள்

டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டம் 1894இல். ஏ அண்ட் எம் 2012இல் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போய்விட, 2011க்குப் பிறகு இரண்டும் மோதவே இல்லை. ஆஸ்டினும் அதே கூட்டமைப்புக்கு வந்து சேர, 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடி சந்தித்தார்கள். ஆஸ்டின் 17–7 என்று வென்றது. நேரம் போதவில்லை. இந்த ஆட்டம் நன்றி நவிலும் விடுமுறையை ஒட்டி வரும். விடுதி காலியாகி, நம் பிள்ளைகள் மட்டும் ஊரில் மிச்சமிருக்கும் வாரம் அது. இரட்டைப்படை ஆண்டென்றால் ஆட்டம் இங்கே. பாஸ் வைத்திருப்பவர்கள் அந்த வாரம் நியூயார்க் சுற்றுலா போடும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை இடையில் நீக்கியதற்கு ஒப்பந்தப்படி தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்ததே 2021 ஜூலையில்தான். மாத உதவித்தொகையில் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் பிஎச்.டி. மாணவருக்கு இந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். யெல் பிராக்டிஸ் இலவசம்.

கால்பந்து பிடிக்காவிட்டால்

டிக்கெட்டுக்குக் காத்துக் கிடக்காமல் பார்க்க நிறைய இருக்கிறது. ரீட் அரீனாவில் பெண்கள் வாலிபாலும் இரு பாலர் கூடைப்பந்தும். குளிர்சாதனம், இருக்கை, உட்கார அனுமதி எல்லாம் உண்டு. பெண்கள் கூடைப்பந்து அணி 2011இல் தேசிய சாம்பியன், பெண்கள் டென்னிஸ் அணி 2024இல். டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற ஏதிங் மூ அதே 2021இல் இந்த வளாகத்து ஓடுபாதையில் ஓடியவர். நாம் ஊரில் ஆடும் கால்பந்தைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லிஸ் ஃபீல்டில் பெண்கள் அணி ஆடும். ஆண்களுக்குப் பல்கலைக்கழக அணி இல்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு என் பரிந்துரை பிப்ரவரியில் தொடங்கும் பேஸ்பால். புளூ பெல் பார்க்கில் உள்ள ஓல்சன் ஃபீல்டுக்குப் போங்கள். எதிரணிப் பந்துவீச்சாளர் நான்கு தவறான பந்து போட்டு ஆளை இலவசமாக நடக்க விட்டார் என்றால், கூட்டம் அதோடு விடாது. அடுத்ததும் தவறினால் ‘ஐந்து’, அதற்கடுத்ததற்கு ‘ஆறு’ என்று அவர் நேராக ஒன்று போடும்வரை எண்ணிக்கொண்டே போகும். சேப்பாக்கத்தில் அகலப்பந்துக்குக் கிண்டல் செய்து பழகியவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவைப்படாது. விதி புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் தாத்தாவிடம் கேளுங்கள். ஆட்டம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார், பெரும்பாலும் வேர்க்கடலையும் கொடுப்பார்.